காற்றுக்கு யார் பட்டா போட்டது?

திருத்தணி பஜாரில் காலை ஒன்பது மணிக்கு நடந்து பாருங்கள். டீக்கடை, சலூன், பூக்கடை, ஷேர் ஆட்டோ என்று எங்கும் எஃப்.எம். ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பாட்டு முடியும். அடுத்து திருப்பதி நெடுஞ்சாலையில் வீட்டுமனை. அடுத்து கிராமுக்கு அதிகப் பணம் தரும் நகைக்கடன். அடுத்து நீட் பயிற்சி மையம். அடுத்து ஆடித் தள்ளுபடி. அடுத்து சிவப்பழகு க்ரீம். பிறகு தொகுப்பாளர் வந்து ஒரு ஜோக் சொல்வார். அந்த ஜோக்கையும் ஒரு கடைதான் வழங்கும். மணி என்ன என்று சொல்வதைக்கூட இன்னொரு கடை வழங்கும்.

வானொலியில் விளம்பரம் அதிகமாகிவிட்டது என்று எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்வது ரசிகரின் புகார். ரசிகருக்கு ஒரு வழி இருக்கிறது: அலைவரிசையை மாற்றலாம், இல்லையென்றால் போனில் பாட்டு போட்டுக்கொள்ளலாம். நம்முடையது ரசிகரின் புகார் அல்ல தோழர்களே, சொத்தில் பங்குள்ளவரின் புகார். நமக்கும் சொந்தமான ஒன்றை நம்மைக் கேட்காமல் நிமிடக் கணக்கில் விற்கிறார்கள். விற்ற இடம் போக மிச்சம் இருக்கும் இடத்திலும் நாம் பேசக் கூடாது என்கிறார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

காற்று யாருடையது?

1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை தொடர்பாக ஒன்றிய அரசுக்கும் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் நடந்த வழக்கு அது. அதில் நீதிமன்றம் சொன்னதன் சாரம்: அலைக்கற்றை பொதுச் சொத்து. அரசும் தனியாரும் அதைத் தம் ஏகபோகமாக வைத்துக்கொள்ள முடியாது. பொதுநலனுக்காகவே அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஏரி, மேய்ச்சல் நிலம், சுடுகாட்டுப் பாதை போல அதுவும் பொது. பொதுச் சொத்து என்று எழுதிவைத்த எதுவும் நம் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பது நமக்குத் தெரியாததா? பொதுக் கிணறும் பொதுவாகத்தான் இருந்தது. ஊர்ப் பொது என்றால் சேரியும் அதில் சேர்த்தியா என்று கேட்டுப் பழகியவர்கள் நாம்.

தீர்ப்பு வந்து நான்கு ஆண்டுகளில் எஃப்.எம். அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன. 2001 ஜூலையில் பெங்களூரில் நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். தொடங்கியது. 2003இல் சென்னைக்கு வந்தது. ஏலத்தில் ஒரே தகுதி பணம். கல்வியில் இடஒதுக்கீடு உண்டு, வேலையில் உண்டு, பெட்ரோல் பங்க் உரிமத்தில்கூட உண்டு. காற்றை ஏலம் விட்டபோது மட்டும் பட்டியலினத்தோருக்கு ஓர் அலைவரிசைகூட ஒதுக்கப்படவில்லை. அதை எடுத்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பத்திரிகையும் தொலைக்காட்சியும் வைத்திருந்தவர்கள். சூரியன் எஃப்.எம். சன் குழுமத்துடையது. ஹலோ எஃப்.எம். தினத்தந்தி குழுமத்துடையது. மிர்ச்சி டைம்ஸ் குழுமத்துடையது. ரேடியோ சிட்டி ஜாக்ரன் குழுமத்துடையது.

2005இல் கொள்கை மாறியது. அதுவரை நிலையங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும் நிலையான உரிமக் கட்டணம் கட்டின. கட்டுப்படியாகவில்லை என்று அழுதன. அரசு இரங்கியது. மொத்த வருவாயில் 4 விழுக்காட்டை ஆண்டுக் கட்டணமாகக் கட்டினால் போதும் என்ற முறை வந்தது. நிலையத்துக்கு வருவாய் எங்கிருந்து வருகிறது? விளம்பரத்திலிருந்து. அப்படியென்றால் விளம்பரம் கூடக் கூட அரசின் பங்கும் கூடும். விளம்பரத்துக்குக் கடிவாளம் போட வேண்டிய கை, அதே விளம்பரத்தில் பங்கு வாங்கும் கையாகிவிட்டது.

தொலைக்காட்சிக்கு ஒரு விதி இருக்கிறது: ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. பல சேனல்கள் அதை மதிப்பதில்லை, எதிர்த்து நீதிமன்றமும் போயிருக்கின்றன. என்றாலும் விதி என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது, அதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். தனியார் எஃப்.எம்.முக்கு அப்படி ஒரு நிமிடக் கணக்கே கிடையாது. மணிக்கு 15 நிமிடமா, 20 நிமிடமா என்பது நிலைய விற்பனைப் பிரிவின் விருப்பம். பண்டிகைக் காலத்தில் விளம்பரங்களுக்கு நடுவே பாட்டைத் தேட வேண்டியிருக்கிறது என்றால் காரணம் இதுதான்.

எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது

விளம்பரத்துக்கு எல்லை இல்லை. ஆனால் வேறொன்றுக்கு மிகக் கறாரான எல்லை இருக்கிறது. அது செய்தி.

தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்ப முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். போக்குவரத்து நெரிசல், வானிலை, மின்தடை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு இவற்றையெல்லாம் சொல்லலாம். அவை செய்தியில் சேராது என்று விதியே சொல்கிறது.

இதன் பொருள் என்ன என்று நம் ஊர்க் கண்ணால் பாருங்கள். நாளை உங்கள் பகுதியில் குடிநீர் வராது என்று ஒரு எஃப்.எம். சொல்லலாம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள் என்று தன் நிருபரை அனுப்பி விசாரித்துச் சொல்லக் கூடாது. இன்று கனமழை பெய்யும் என்று சொல்லலாம். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் அந்த மழையில் சுவர் இடிந்து விழுந்து 17 தலித்துகள் செத்தார்களே, அந்தச் சுவரை யார் எதற்காக அவ்வளவு உயரம் கட்டினார்கள் என்று கேட்கக் கூடாது.

தொலைக்காட்சிக்கு இந்தத் தடை இல்லை. பத்திரிகைக்கு இல்லை. யூடியூபில் யார் வேண்டுமானாலும் பேசலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், டேட்டா தீர்ந்துபோன போன்காரருக்கும், கையில் வேலையோடு காதை மட்டும் கொடுக்க முடிகிறவருக்கும் போய்ச் சேரும் வானொலிக்கு மட்டும் தடை. செங்கல் சூளையில், விசைத்தறிக் கூடத்தில், சமையல்கட்டில் இருப்பவர் கேட்பது வானொலி. அவர் செய்தி கேட்கக் கூடாது. நகைக்கடன் விளம்பரம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்!

காமன் காஸ் என்ற அமைப்பு 2013இல் இந்தத் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயே, மணிக்கு 10 நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை 234 புதிய ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் தந்தது. புதுக்கோட்டையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஏலத்துக்கு ஒப்புதல் வந்தது, செய்திக்கு வரவில்லை. வேங்கைவயல் இருக்கும் மாவட்டத்துக்கு எஃப்.எம். வரப்போகிறது. அதில் வேங்கைவயலைத் தவிர எல்லாம் வரும்.

கணக்கில் இல்லாத காதுகள்

விளம்பரம் தருபவர் எந்த நிலையத்துக்குத் தருவார்? அதிகம் பேர் கேட்கும் நிலையத்துக்கு. யார் கேட்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? இதற்காக 2007இல் ராம் என்று ஓர் அளவீடு தொடங்கினார்கள். தேர்ந்தெடுத்த சிலரிடம் டைரியைக் கொடுத்து என்ன கேட்டோம் என்று எழுதச் சொல்லும் முறை. எந்தெந்த ஊர்களில் தெரியுமா? மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூர். சென்னைகூட அதில் இல்லை. சென்னையிலிருந்து ரயிலில் அரக்கோணம் தாண்டி வர வேண்டிய திருத்தணியை யார் எண்ணப் போகிறார்கள்?

இந்த எல்லைப் பகுதியின் நிலைமை இன்னும் விசித்திரமானது. 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருத்தணி சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன் அது. எல்லைக்கோடு நகர்ந்தது, மக்கள் நகரவில்லை. நம் தெருக்களில் இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி தெலுங்கு. சென்னை எஃப்.எம். இங்கே வந்து சேர்வதற்குள் கரகரக்கும். நகரி, புத்தூர் பக்கம் போகப் போக திருப்பதியின் தெலுங்கு நிலையம் மேலேறும். ஒன்று சென்னை வணிக வளாகத்துக்காகப் பேசுகிறது, மற்றது திருப்பதிக் கடைகளுக்காகப் பேசுகிறது. பள்ளிப்பட்டிலும் ஆர்.கே.பேட்டையிலும் தறி ஓட்டுகிறவருக்காக எதுவும் பேசுவதில்லை. ஏனென்றால் விளம்பரதாரர் கண்ணுக்கு அவர் வாடிக்கையாளரே இல்லை. எண்ணப்படாத காதுக்கு எதற்குச் செலவு செய்ய வேண்டும்?

எண்ணப்படாதது காது மட்டுமல்ல, வாயும்தான். 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. செய்தி நிறுவனங்களில் தலைமைப் பொறுப்புகள் 121ஐ எடுத்துப் பார்த்தார்கள். 106 இடங்களில் உயர்த்தப்பட்ட சாதியினர். தலித்தோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. அது பத்திரிகை, தொலைக்காட்சி, இணையத்தைப் பற்றிய ஆய்வு. அதே முதலாளிகள்தான் எஃப்.எம்.மையும் நடத்துகிறார்கள். நிலைமை அங்கே மட்டும் வேறாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

வாய் இல்லையே தவிர, நம் தாளம் அவர்களுக்கு வேண்டும். கானா மெட்டில் விளம்பரப் பாட்டு போடுகிறார்கள், பறையடியில் ஆஃபர் அறிவிக்கிறார்கள். வடசென்னைக் குப்பத்தில் பிறந்த பாட்டு பிரியாணிக்கும் பைக்குக்கும் கூவுகிறது. பாடியவரை உட்கார வைத்து, உன் குப்பத்தை ஏன் ஊருக்கு வெளியே பெயர்த்துக் கொண்டுபோனார்கள் என்று ஒரு மணி நேரம் பேசவிட மட்டும் எவரும் இல்லை.

மனை விளம்பரம் சொல்லாதது

இப்போது நமக்கு நேரடியாக வலிக்கும் இடத்துக்கு வருவோம். வானொலி விளம்பரங்களில் வீட்டுமனை, அடுக்குமாடி விற்பனைக்கு முதல் வரிசை இடம் உண்டு. நம் பக்கத்தில் அதைச் சொல்லவே வேண்டாம். சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி வழியாகத் திருப்பதி போகும் சாலை முழுக்க மனைதான். "டி.டி.சி.பி. அப்ரூவல்", "உடனே வீடு கட்டலாம்", "சைட் பார்க்க இலவச கார்", "மலையைப் பார்த்தபடி மனை". முருகன் அருளும் சேர்த்து விற்கப்படுகிறது.

இந்த நிலம் நேற்று வரை யாருடையது என்று எந்த விளம்பரமாவது சொல்கிறதா?

பஞ்சமி நிலம் என்ற சொல்லை மாணவத் தோழர்கள் கேட்டிருப்பீர்கள். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததே அவர்கள் அடிமைப்பட்டுக் கிடப்பதற்கு வேர் என்றார். அதன் விளைவாக 1892இல் அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் நிலம் நம் முன்னோருக்கு வழங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதற்கு நிபந்தனை உண்டு: முதல் 10 ஆண்டு விற்கக் கூடாது, குத்தகைக்கோ அடமானத்துக்கோ விடக் கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும். மீறி நடந்த விற்பனை செல்லாது.

அந்த நிலம் இன்று நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். கடனுக்கு எழுதி வாங்கினார்கள், மிரட்டி வாங்கினார்கள். 1980களில் நடந்த யு.டி.ஆர். நிலப் பதிவுத் திருத்தத்தில் பெயரையே மாற்றினார்கள் என்பது நில உரிமை இயக்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குற்றச்சாட்டு. கேட்கப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள்.

இந்தச் சாலையோரத்து மனை ஒவ்வொன்றும் பஞ்சமி நிலம் என்று நான் சொல்லவில்லை. எது பஞ்சமி, எது இல்லை என்று கேட்பவருக்குத் தெரியாதபடி விளம்பரம் அமைந்திருக்கிறது என்கிறேன். 30 நொடியில் 28 நொடி பாட்டும் சிரிப்பும். கடைசி 2 நொடியில் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று மூச்சுவிடாமல் ஒருவர் ஓடுவார். 1892இன் நிபந்தனை அந்த 2 நொடிக்குள் வராது.

சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும். விளம்பரத்தில் பொய் சொல்லி விற்றால் பணத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் வாங்குபவரைக் காக்கிறது. நிலத்தை இழந்தவரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. நாளை ஏமாறப்போகும் வாடிக்கையாளருக்குச் சட்டம் உண்டு, நூறு ஆண்டுக்கு முன்பே ஏமாற்றப்பட்டவருக்கு ஜிங்கிள்தான்.

நிலம் பறிபோனது முதல் கொள்ளை. அந்த நிலத்தை விற்க நம் பொதுச் சொத்தான காற்றையே வாடகைக்கு விடுவது இரண்டாவது கொள்ளை. நம் காதுக்குள்ளேயே அதைக் கூவி விற்பதற்கு என்ன பெயர் வைப்பது?

7 நிமிடம் 12 நிமிடமானது

சமுதாய வானொலி இருக்கிறதே, அங்கே பேசலாமே என்பார்கள். சரி, அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி சென்னையில்தான் பிறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் என்றிருந்த அனுமதி, 2006 கொள்கையில் தொண்டு அமைப்புகளுக்கும் கிடைத்தது. அதைப் பயன்படுத்தி 2008 அக்டோபர் 15 அன்று, இன்றைய தெலங்கானாவில், ஜஹீராபாத் பக்கம் மச்னூர் கிராமத்தில் சங்கம் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது. டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் சங்கங்களைச் சேர்ந்த தலித் பெண்கள் நடத்தும் வானொலி அது. உரிமம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கேசட்டில் பதிவு செய்து சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டவர்கள் அவர்கள். விதை, சிறுதானியம், மருந்து, பாட்டு, பெண்கள் மீதான வன்முறை எல்லாவற்றையும் தங்கள் வட்டார மொழியிலேயே பேசினார்கள். பாம்பனில் 2016இல் மீனவர்களுக்காகத் தொடங்கிய கடல் ஓசை இன்னொரு முன்மாதிரி. கடலுக்குப் போகிறவருக்குக் காற்றும் அலையும் எப்படி என்று அவர் பாஷையில் சொல்லும் நிலையம் அது. இதற்கு எந்தக் கோடீஸ்வரரும் தேவைப்படவில்லை.

சமுதாய வானொலிக்கு 100 வாட் சக்திதான், சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் கேட்கும். செய்தித் தடை இதற்கும் உண்டு. விளம்பரத்துக்கு நிமிடக் கணக்கும் உண்டு. பணக்காரரின் வானொலிக்குக் கணக்கே இல்லை, ஏழையின் வானொலிக்கு மட்டும் கடிகாரம். முதலில் மணிக்கு 5 நிமிடம் என்று இருந்தது. பிறகு 7 ஆனது. 2024 பிப்ரவரி 13, உலக வானொலி நாள். அண்ணா எஃப்.எம்.மின் 20 ஆண்டு நிறைவையொட்டி அதே அண்ணா பல்கலைக்கழகத்தில் தென்மண்டலச் சமுதாய வானொலி மாநாடு நடந்தபோது, 7 நிமிடம் 12 நிமிடமாக உயர்த்தப்பட்டது. அரசு விளம்பரத்துக்கு 10 நொடிக்கு 52 ரூபாய் என்றிருந்த கட்டணம் 74 ரூபாய் என்றானது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போடுங்கள். 12 நிமிடம் என்றால் 10 நொடித் துண்டுகள் 72. முழுவதும் அரசு விளம்பரமாகவே நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய். ஆனால் யாருக்கு நிரம்பும்? நிமிடத்தை அரசு கூட்டிக்கொடுத்தது. அந்த நிமிடத்தில் போட விளம்பரம் தருகிறேன் என்று சொல்லவில்லை. காலி நிமிடத்தை வைத்துக்கொண்டு மின்கட்டணம் கட்ட முடியாது.

அப்படியென்றால் நிலையம் என்ன செய்யும்? உள்ளூரில் பணம் உள்ளவரைத் தேடிப் போகும். உள்ளூரில் பணம் உள்ளவர் யார்? மனை போடுபவர், நகைக்கடைக்காரர், வட்டிக்கு விடுபவர், அரிசி ஆலை, செங்கல் சூளை முதலாளி. திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்களை மீட்ட செய்திகள் எத்தனை முறை வந்திருக்கின்றன! அந்த முதலாளி மாதம் 10,000 ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்தால், கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976 பற்றி அந்த வானொலி நிகழ்ச்சி போடுமா? யாரும் தடுக்க வேண்டியதில்லை. போட வேண்டாம் என்று நிலையத்துக்கே தோன்றிவிடும். விளம்பரத்தின் அதிகாரம் இப்படித்தான் வேலை செய்யும்; கத்தரிக்கோல் கண்ணுக்குத் தெரியாது.

"விளம்பரமே வேண்டாம் என்கிறீர்களா?"

இல்லை. ஊர்ச் சந்தையில் தையல் கடை திறந்த பெண், செருப்புத் தைக்கும் கூட்டுறவு, டி.என்.பி.எஸ்.சி.க்கு இலவச வகுப்பு எடுக்கும் இரவுப் பாடசாலை, இவர்களும் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேண்டும். விளம்பரம் ஒரு பேச்சு. யாருக்கு அந்தப் பேச்சு கிடைக்கிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு நூறு வயது ஆகிவிட்டது. 1920 ஜனவரி 31 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் மூக்நாயக் இதழைத் தொடங்கினார். அதற்கு ஒரு விளம்பரம் போடும்படி திலகரின் கேசரி இதழைக் கேட்டார்கள். இலவசமாக அல்ல, உரிய கட்டணம் தருகிறோம் என்றார்கள். கேசரி மறுத்தது. சுதந்திரம் பிறப்புரிமை என்று முழங்கியவரின் பத்திரிகையில், ஊமைகளின் தலைவன் என்று பெயர் வைத்த பத்திரிகை வந்திருக்கிறது என்று சொல்லக்கூட இடம் இல்லை. பணம் இருந்தால் யாரும் விளம்பரம் செய்யலாம், சந்தைக்குச் சாதி கிடையாது என்று இன்றைக்குப் பேசுகிறவர்களுக்கு இதுவே பதில்.

தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே தொடங்கியாயிற்று. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பறையன் இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கினார். விலையே பெயரில் இருந்தது. விளம்பரதாரரை அல்ல, ஒரு பைசா கொடுக்கும் வாசகரை நம்பி நடந்த பத்திரிகை என்பதை அந்தப் பெயரே சொல்லியது.

இன்னொரு எதிர்வாதமும் வரும்: வானொலி செத்துக்கொண்டிருக்கிறது, இதற்கு எதற்கு இவ்வளவு கோபம்? சாகும் தொழிலுக்கு எதற்கு 730 புதிய அலைவரிசை? விலைபோகாத சொத்தை யாரும் ஏலம் விடுவதில்லை.

என்ன செய்யலாம்?

கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று: தனியார் எஃப்.எம். விளம்பரத்துக்கு மணிக்கு இத்தனை நிமிடம் என்று சட்டப்படி உச்சவரம்பு வேண்டும். "நேரம் வழங்குவோர்", "ஜோக் வழங்குவோர்" எல்லாம் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

இரண்டு: வானொலியின் செய்தித் தடையை நீக்க வேண்டும், சமுதாய வானொலிக்கு முதலில்.

மூன்று: எஃப்.எம். நிலையங்கள் கட்டும் 4 விழுக்காட்டிலிருந்து ஒரு பகுதியை, பட்டியலின, பழங்குடி மக்கள் நடத்தும் சமுதாய வானொலிகளுக்கு நேரடி நிதியாகத் தர வேண்டும். நிமிடத்தைக் கொடுத்துவிட்டு உதவி செய்தோம் என்று சொல்லக் கூடாது.

நான்கு: மனை விளம்பரத்தில் ரெரா எண்ணோடு, அந்த சர்வே எண்கள் பஞ்சமி நிலமோ நிபந்தனைப் பட்டா நிலமோ அல்ல என்ற உறுதிமொழியும் கட்டாயமாக வேண்டும். பொய் என்றால் விற்றவரோடு ஒலிபரப்பிய நிலையமும் பொறுப்பேற்க வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கல்லூரித் தோழர்கள் இந்த வாரமே தொடங்கக்கூடிய வேலைகள் மூன்று உண்டு.

முதலாவது, எண்ணுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு நிலையத்தை ஒரு வாரம் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் போனில் பதிவு செய்யுங்கள். விளம்பரம் எத்தனை நிமிடம், எந்தப் பொருள், யார் குரல் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நம்மை அவர்கள் எண்ணவில்லை. நாம் அவர்களை எண்ணுவோம்.

இரண்டாவது, கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6, பத்து ரூபாய். மத்திய மக்கள் தொடர்பகத்துக்கும் மாநிலச் செய்தி மக்கள் தொடர்புத் துறைக்கும் எழுதுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்தெந்த வானொலிக்கு எவ்வளவு அரசு விளம்பரப் பணம் போனது? அதில் சமுதாய வானொலிக்கு எவ்வளவு?

மூன்றாவது, தேடுங்கள். விளம்பரத்தில் வரும் மனைப்பிரிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரெரா இணையதளத்தில் சர்வே எண்ணைப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் யு.டி.ஆர்.க்கு முந்தைய பதிவையும் கேளுங்கள். ஒன்றில் பொருந்தாவிட்டாலும் போதும், அங்கே ஒரு போராட்டம் தொடங்கும்.

பஞ்சாயத்து வானொலிக் காலத்தைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். பெட்டி ஊர்ப் பக்கம் இருக்கும், சத்தம் சேரிக்கும் வரும். பெட்டி இருக்கும் இடத்துக்கு நாம் போக முடியாது. இன்று பெட்டி நம் கையிலேயே இருக்கிறது. பேசுகிறவர் இருக்கும் இடத்துக்குத்தான் இன்னும் நாம் போகவில்லை.

ஏரிப் பட்டாவையும் மந்தைவெளிப் பட்டாவையும் எதிர்த்து மனு எழுதிப் பழகிய கை இது. காற்றுக்கும் ஒரு மனு எழுதுவோம்.

ஜெய்பீம்!